வைஃபை சேரவில்லையா? எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்

வைஃபை சேரவில்லை என்றதும் ரூட்டரை அணைத்துப் போடுகிறோம். தவறில்லை, பல நேரம் அதுவே போதும். அது பலிக்காதபோது கை அடுத்து எங்கே போகிறது என்பதில்தான் வினை இருக்கிறது. ரூட்டரின் முதுகில், குண்டூசி நுழையும் அளவுத் துளைக்குள் ஒளிந்திருக்கும் ரீசெட் பொத்தானைத் தேடிப் போகிறது. ஒரு கருவி சேரவில்லை என்பதற்காக அதை அழுத்தினால், ரூட்டரின் அமைப்புகள் எல்லாம் அழிந்து, அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மற்றக் கருவிகளும் சேர்ந்தே நின்றுவிடும். அந்தப் பொத்தானை முடிந்தவரை தள்ளிப்போடவே இந்த வழிமுறை.

கருவி வைஃபையில் சேர்வது ஒரே செயல் போலத் தெரிந்தாலும் உள்ளே ஐந்து படிகள் உண்டு. முதலில் ரூட்டரின் பெயர் கருவியின் கண்ணில் பட வேண்டும். பிறகு, சேரலாமா என்று கருவி கேட்க, ரூட்டர் சரி என்று சொல்ல வேண்டும். மூன்றாவதாக, கடவுச்சொல் தனக்குத் தெரியும் என்று கருவி நிரூபிக்க வேண்டும். நான்காவதாக, வலையமைப்பில் தன்னை அடையாளம் காட்டும் ஐபி முகவரி ஒன்றை ரூட்டரிடமிருந்து வாங்க வேண்டும். கடைசியாக, ரூட்டரைத் தாண்டி இணையத்தை எட்ட வேண்டும். ஐபி முகவரி கிடைக்காமல் தவிக்கும் கைப்பேசிக்காகக் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருப்பது, தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பது போலத்தான்.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன் இரண்டு காரியங்கள். ஒன்று, திரையில் வரும் வாசகத்தை அப்படியே படியுங்கள். "அங்கீகரிப்புச் சிக்கல்" வேறு, "ஐபி முகவரியைப் பெறுகிறது" வேறு, "இணைய அணுகல் இல்லை" வேறு. மூன்றையும் "வைஃபை வரவில்லை" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் பாதி துப்பு அங்கேயே தொலைந்துவிடும். இரண்டு, அதே இடத்தில் நின்று இன்னொரு கருவியைச் சேர்த்துப் பாருங்கள். அது சேர்ந்தால், ரூட்டர் உயிரோடுதான் இருக்கிறது. இந்தக் கருவிக்கும் ரூட்டருக்கும் இடையில் மட்டும் ஏதோ பிணக்கு.

பெயரே பட்டியலில் வரவில்லை

மற்றக் கைப்பேசிகளில் தெரிகிற பெயர் ஒரே ஒரு கருவியில் மட்டும் தெரியவில்லை என்றால், முதல் சந்தேகம் அலைவரிசை மீது விழ வேண்டும். ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டிலும் ஒலிபரப்பலாம். புதியவை 6 கிகாஹெர்ட்ஸிலும் ஒலிபரப்பும். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக், சிறிய கேமரா, பழைய பிரிண்டர் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். ரூட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருந்தால் அவற்றைப் பொறுத்தவரை உங்கள் வீட்டில் வைஃபையே இல்லை.

2.4 ஓடிக்கொண்டிருந்தும் தெரியவில்லையா? ரூட்டரின் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து சேனல் எண்ணைப் பாருங்கள். அலைவரிசையின் உட்பிரிவுதான் சேனல். 2.4 அலைவரிசையில் பல நாடுகளில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. ஆனால் அமெரிக்க விதிக்கேற்பத் தயாரான கருவிகள் 11 வரைதான் தேடும். ரூட்டர் தானாக 12ஐயோ 13ஐயோ பிடித்துக்கொண்டால் அந்தக் கருவிகளுக்கு அது கண்ணில் படாது. சேனலைத் தானியங்கியிலிருந்து எடுத்து 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள். இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை என்பதால் எப்படியும் நல்ல தேர்வுதான்.

5 கிகாஹெர்ட்ஸில் வேறொரு வேடிக்கை உண்டு. அதன் சில சேனல்களை வானிலை ரேடார் உள்ளிட்ட ரேடார்களும் பயன்படுத்துகின்றன. 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ஒலிபரப்பத் தொடங்குமுன் ரூட்டர் குறைந்தது 60 வினாடிகள் வாய் திறக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும் என்பது விதி. சில நாடுகளில், வானிலை ரேடாருக்குரிய சேனல்களில் இந்தக் காத்திருப்பு 10 நிமிடம்வரை போகும். ரூட்டரை அணைத்துப் போட்டவுடன் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைத் தேடுகிறோம், காணவில்லை, மறுபடி அணைத்துப் போடுகிறோம், மறுபடி காணவில்லை. ரூட்டர் பாவம், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்கத் தொடங்குகிறது. போட்டுவிட்டுச் சற்று நேரம் விலகி இருங்கள். அடிக்கடி இப்படியானால் சேனலை 36 முதல் 48க்குள் வைத்துவிடுங்கள். அங்கே இந்தக் காத்திருப்பு இல்லை.

பெயரை மறைத்து வைத்திருக்கிறீர்களா? அதை வெளிப்படையாக்கிவிடுங்கள். மறைத்தால் பாதுகாப்பு என்பது வெறும் நம்பிக்கை. மறைக்கப்பட்ட பெயரைத் தேடி உங்கள் கைப்பேசிதான் போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருக்கும்.

பெயர் கட்டம் கட்டமாகவோ புரியாத எழுத்துகளாகவோ தெரிந்தால், அது தமிழில் வைக்கப்பட்ட பெயராக இருக்கக்கூடும். வைஃபை பெயருக்கு இடம் 32 பைட்டுகள்தான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் உயிர்மெய்யின் மெய்க்கு மூன்று, அதன் குறிக்கு மூன்று என்று போய்விடும். "வீட்டு வைஃபை" என்ற எளிய பெயரே 34 பைட்டுகள் ஆகிறது, உள்ளே நுழையாது! தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பழைய பிரிண்டரின் சின்னத் திரை அதைப் படிக்கத் திணறுவதைப் பார்த்தபின் விட்டுவிட்டேன்.

ஸ்மார்ட் பல்பு, பிளக் போன்றவை பாதி வழியில் நின்றுவிடுகின்றன

பல்பு மின்னுகிறது, செயலி "தேடுகிறது" என்கிறது, வட்டம் சுற்றுகிறது, கடைசியில் தோல்வி. இதற்குப் பழி சுமப்பது பல்பு. குற்றவாளி பெரும்பாலும் கைப்பேசிதான்.

இந்தக் கருவிகளுக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் கைப்பேசிச் செயலிதான் அவற்றுக்குக் கற்றுத்தர வேண்டும். அதற்காகக் கருவி தானே ஒரு தற்காலிக வைஃபையைத் திறந்து கைப்பேசியை அழைக்கும், அல்லது கைப்பேசி வீட்டு வைஃபை வழியாக ஒரு குறிப்பை அனுப்பும், அல்லது இரண்டும் புளூடூத்தில் பேசிக்கொள்ளும். இரண்டாவது முறையில்தான் அதிகம் இடறுகிறது. கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும், பல்பு 2.4இல் காது கொடுத்துக்கொண்டிருக்கும். இருவர் இரண்டு அறையில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் தேடும் கதை.

இன்றைய ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து, கைப்பேசியை எதில் நிறுத்துவது என்று தாமே முடிவு செய்கின்றன. ஆகவே நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரிவதில்லை. ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் "ஸ்மார்ட் கனெக்ட்" அல்லது "பேண்ட் ஸ்டியரிங்" என்ற அமைப்பைச் சற்று நேரம் அணைத்து, 5 கிகாஹெர்ட்ஸை நிறுத்திவைத்துவிட்டுப் பல்பைச் சேருங்கள். சேர்ந்தபின் மீண்டும் போட்டுவிடலாம். பல்பு 2.4இலேயே இருந்துகொள்ளும். அமைப்பில் கை வைக்கப் பிடிக்காதவர்கள், விருந்தினருக்கென ரூட்டர் தனிப் பெயரில் தரும் விருந்தினர் வலையமைப்பை 2.4இல் மட்டும் திறந்து இந்தச் சில்லறைக் கருவிகளை எல்லாம் அங்கே குடிவைக்கலாம். நான் செய்வது இதுதான். ஒரு பல்பின் மென்பொருளை யார் எப்போது புதுப்பிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கணினி இருக்கும் வலையமைப்பில் விடுவானேன்?

கருவி தன் தற்காலிக வைஃபையைத் திறக்கும் வகையாக இருந்தால் இன்னொரு தடை உண்டு. அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் கைப்பேசி அக்கறையோடு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், செயலி தன் பல்பைத் தொலைத்துவிடும். சேர்க்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் அணைத்து வையுங்கள். செயலிக்கு இருப்பிட அனுமதியும் உள்ளூர் வலையமைப்பு அனுமதியும் தர வேண்டியிருக்கும். அருகிலுள்ள வைஃபைகளைப் பார்ப்பதை இருப்பிடம் அறிவதற்கு ஒப்பாகக் கைப்பேசிகள் கருதுகின்றன.

கடவுச்சொல் சரி, ஆனாலும் "தவறு" என்கிறது

இது எல்லோரையும் எரிச்சலூட்டும் வாசகம். இதன் உள்கதை தெரிந்தால் எரிச்சல் கொஞ்சம் குறையும்.

நீங்கள் தட்டும் கடவுச்சொல் காற்றில் போவதே இல்லை. டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில், கடவுச்சொல்லையும் வைஃபை பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்து ஒரு சாவியைக் கருவி உருவாக்குகிறது. ரூட்டரிடமும் அதே சாவி இருக்கிறது. பிறகு இருவரும் நான்கு செய்திகளைப் பரிமாறி, சாவியைக் காட்டாமலே இருவரிடமும் ஒரே சாவி இருக்கிறது என்று உறுதி செய்துகொள்கிறார்கள். கருவி அனுப்பும் இரண்டாவது செய்தி கணக்குக்கு ஒத்துவராவிட்டால், ரூட்டர் "தவறு" என்று பதில் சொல்வதில்லை. பேசாமல் இருந்துவிடும். மூன்றாவது செய்தி வரவில்லையே என்று காத்திருந்து அலுத்த கருவிதான், கடவுச்சொல் தவறாக இருக்கும் என்று ஊகித்துத் திரையில் எழுதுகிறது. அலை பலவீனமாக இருந்து செய்தி வழியில் தொலைந்தாலும் அதே ஊகம், அதே வாசகம். ஆகவே முதல் சோதனை: ரூட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று ஒரு முறை முயலுங்கள்.

அங்கேயும் மறுத்தால், கருவியில் அந்த வைஃபையை "மறந்துவிடு" என்று சொல்லிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். பழைய கடவுச்சொல்லை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே ஒப்பிக்கும் கருவிகள் உண்டு. தட்டும்போது கண் பொத்தானை அழுத்தி எழுத்துகளைப் பாருங்கள். கைப்பேசி விசைப்பலகை முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிடும், பரிந்துரைத்த சொல்லைத் தொட்டால் முடிவில் ஓர் இடைவெளியைச் செருகிவிடும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, சாவிக்குத் தெரியும். சுழியமும் ஆங்கில ஓவும் ஒன்றைப்போல் ஒன்று தோன்றுவது பழைய கதை. இதற்கெல்லாம் தீர்வு, ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கைப்பேசியிலிருந்து க்யூஆர் குறியீட்டைக் காட்டி மற்றதில் ஸ்கேன் செய்வது.

எந்தக் கடவுச்சொல் என்பதிலும் குழப்பம் வரும். ரூட்டரில் இரண்டு உண்டு: வைஃபையில் சேர்வதற்கு ஒன்று, நிர்வாகப் பக்கத்தைத் திறப்பதற்கு ஒன்று. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் வில்லையில் இருப்பவை தொழிற்சாலையிலிருந்து வந்தவை. யாராவது மாற்றியிருந்தால் அந்த வில்லை வெறும் வரலாறு. வைஃபை கடவுச்சொல்லுக்கு 8 முதல் 63 எழுத்துவரை இடம் உண்டு. அதைவிடக் குறுகியதை நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்றால் அது வேறு எதற்கோ உரியது.

எல்லாம் சரி, பழைய கருவி மட்டும் ஏற்கவில்லை. அப்போது பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ2 வந்தது 2004இல், டபிள்யூபிஏ3 வந்தது 2018இல். ரூட்டரை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழையவை எவையும் சேராது. இரண்டும் கலந்த முறையில் வைத்தால் பெரும்பாலானவை சேரும், ஆனால் சில பழைய பிரிண்டர்களும் கேமராக்களும் அந்தக் கலப்பு அறிவிப்பைப் படிக்கத் தெரியாமல் விழிக்கும். மேலாண்மைச் சட்டகப் பாதுகாப்பு என்று ஓர் அமைப்பு இருக்கும், பிஎம்எஃப் என்று சுருக்கமாகக் குறித்திருப்பார்கள். அது "கட்டாயம்" என்றிருந்தாலும் இதே நிலைதான். "விருப்பம்" என்று மாற்றுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், முதன்மை வலையமைப்பைத் தாழ்த்தாதீர்கள். விருந்தினர் வலையமைப்பை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் மறையாக்கம் என்று வைத்துப் பழையவற்றை அதில் விடுங்கள்.

பழைய கருவிக்காக டிகேஐபி அல்லது வெப் (WEP) என்ற பழைய பாதுகாப்பு முறைகளுக்கு இறங்குவது மட்டும் வேண்டாம். வெப் முறை 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது. அந்த முறைகளில் வைஃபை 4 என்ற தலைமுறையின் வேகமே அனுமதிக்கப்படுவதில்லை என்பதால், அவற்றில் சேரும் கருவி வினாடிக்கு 54 மெகாபிட்டைத் தாண்டாது. அந்த முறைகளைத் தவிர வேறு எதையும் ஏற்காத கருவி ஓய்வுபெற வேண்டிய வயதை எட்டிவிட்டது.

வீட்டில் வைஃபை நீட்டிப்பான் இருக்கிறதா? ரூட்டரில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நீட்டிப்பானை மறந்துவிடுகிறோம். அது அதே பெயரில், பழைய கடவுச்சொல்லோடு ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். வரவேற்பறையில் சேரும் கைப்பேசி படுக்கையறையில் "கடவுச்சொல் தவறு" என்றால் அங்கே பாருங்கள்.

கடவுச்சொல்வரை போகாமலே விரட்டப்படுகிறது

இங்கே வருவது மேக் முகவரி வடிகட்டி. ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் 12 பதின்அறும இலக்கங்கள், அதாவது 0 முதல் 9 வரையும் ஆங்கில ஏ முதல் எஃப் வரையும் உள்ளவை, கொண்ட மேக் முகவரி உண்டு. ரூட்டரில் "மேக் ஃபில்ட்டர்" அல்லது "ஆக்சஸ் கன்ட்ரோல்" என்ற பக்கத்தில், இந்த முகவரிகள் மட்டும் வரலாம் என்றோ, இவை மட்டும் வரக்கூடாது என்றோ பட்டியல் போடலாம். அனுமதிப் பட்டியலில் இடமில்லாத கருவி கடவுச்சொல் தெரிந்தாலும் வாசலிலேயே நிற்கும். "இணைக்க முடியவில்லை" என்ற மொட்டை வாசகம்தான் பெரும்பாலும் வரும்.

சில ரூட்டர்களில் புதிதாக வரும் கருவியை உரிமையாளர் ஒப்புதல் தரும்வரை நிறுத்திவைக்கும் வசதியும் உண்டு. ரூட்டர் செயலியில் ஓர் அறிவிப்பு யாரும் பார்க்காமல் கிடக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

இப்போது சிக்கலின் மையம். நேற்றுவரை சேர்ந்த கைப்பேசி இன்று சேரவில்லை, பட்டியலிலும் அதன் முகவரி இருக்கிறது. காரணம், கைப்பேசி வேறு முகவரியோடு வந்து நிற்கிறது. போகுமிடமெல்லாம் ஒரே முகவரியைக் காட்டினால் நம்மைப் பின்தொடர்வது எளிது என்பதால், ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. வைஃபையை மறந்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்தாலோ, கைப்பேசியைத் துடைத்து அமைத்தாலோ அது மாறலாம். புனைமுகவரியா என்று அறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது தயாரிப்பாளர் கொடுத்ததன்று, கைப்பேசி தானே புனைந்துகொண்டது.

தீர்வு கைப்பேசியில் இருக்கிறது. வீட்டு வைஃபையின் விவரப் பக்கத்தைத் திறந்து, ஆண்ட்ராய்டில் தனியுரிமை என்பதன் கீழ் "சாதனத்தின் மேக்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐஃபோனில் தனிப்பட்ட வைஃபை முகவரி என்பதை அணையுங்கள். ஐஓஎஸ் 18 முதல் அங்கே அணைப்பு, நிலையானது, சுழல்வது என மூன்று தேர்வுகள் உண்டு. நிலையானது என்பதும் போதும், அந்த முகவரியையே பட்டியலில் எழுதிக்கொள்ளலாம். இதை வீட்டு வைஃபைக்கு மட்டும் செய்யுங்கள். வெளியிடங்களில் புனைமுகவரி நல்லதே.

அனுமதிப் பட்டியலைப் போடும்போது ஒரு விபத்து காத்திருக்கிறது. அதில் நான் விழுந்திருக்கிறேன். பட்டியலில் முதலில் என் மடிக்கணினியைச் சேர்த்தேன், 8 இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில பி எழுத்தைத் தட்டிவிட்டேன், சேமி என்றேன். ஒரே நொடியில் வீட்டிலிருந்த எல்லாக் கருவிகளும் வெளியே. திருத்தலாம் என்றால் நானும் வெளியே. இந்த வடிகட்டி பெரும்பாலான ரூட்டர்களில் வைஃபைக்கு மட்டுமே பொருந்தும், கம்பி வழியே வருபவரைத் தடுக்காது. ஆனால் மெலிந்த என் மடிக்கணினியில் கம்பி செருகத் துளையே இல்லை. பரணில் கிடந்த பழைய கணினியைத் தூசி தட்டி இறக்கித்தான் உள்ளே போனேன். ஆகவே வடிகட்டியைத் தொடுவதென்றால் கம்பியில் இருந்துகொண்டு தொடுங்கள். தட்டாமல், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுங்கள்.

இத்தனைக்கும் இந்த வடிகட்டி பாதுகாப்பு தருகிறதா என்றால், இல்லை என்பதே என் கருத்து. மேக் முகவரி ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் மறையாக்கம் இல்லாமல் போகிறது. கேட்கத் தெரிந்தவர் அதைக் கேட்டு, தன் கருவிக்கு அதே முகவரியைச் சூட்டிக்கொள்ளலாம். நீண்ட கடவுச்சொல் செய்யும் வேலையை இது செய்யாது. நமக்குத் தரும் தொல்லையை மட்டும் குறைவில்லாமல் தரும்.

"ஐபி முகவரியைப் பெறுகிறது" என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது

நல்ல செய்தி: கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது, அதை மறந்துவிடுங்கள். ரூட்டரில் முகவரி வழங்கும் டிஎச்சிபி பகுதிதான் கை விரிக்கிறது. கணினியில் முகவரி 169.254 என்று தொடங்கினால் அதே பொருள். யாரும் தராததால் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது.

டிஎச்சிபி பக்கத்தில் தொடக்க எண், முடிவு எண், குத்தகைக் காலம் ஆகியவை இருக்கும். 192.168.1.100 முதல் 192.168.1.149 வரை என்றிருந்தால் ஒரே நேரத்தில் 50 முகவரிகள்தான். அது போதாதா என்று தோன்றும். புனைமுகவரியைச் சுழற்றும் கைப்பேசி ஒவ்வொரு முறையும் புதிய ஆளாக வந்து இன்னொரு முகவரியைக் குத்தகைக்கு எடுக்கிறது, பழையது காலம் முடியும்வரை காலியாகாது. முடிவு எண்ணை 254 வரை நீட்டுங்கள், குத்தகைக் காலத்தைச் சில மணி நேரமாகக் குறையுங்கள்.

வீட்டில் இரண்டு ரூட்டர்கள் இருந்தால் இன்னொரு கோணம் உண்டு. பழைய ரூட்டரை அடுத்த அறைக்கு வைஃபை தருவதற்காக மட்டும் வைத்திருந்து, அதிலும் டிஎச்சிபி ஓடிக்கொண்டிருந்தால், இருவரும் போட்டி போட்டு முகவரி வழங்குவார்கள். யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்துச் சில நாள் எல்லாம் ஓடும், சில நாள் ஓடாது. பழையதில் டிஎச்சிபியை அணைத்து, அதன் சொந்த முகவரியை முதன்மை ரூட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, அதன் லேன் துளையிலிருந்து முதன்மை ரூட்டரின் லேன் துளைக்குக் கம்பியைக் கொடுங்கள்.

ஒரே ஒரு கருவி மட்டும் தவித்தால், அதில் யாராவது ஐபி முகவரியைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துத் தானியங்கிக்கு மாற்றுங்கள்.

இணைந்துவிட்டது, ஆனால் இணையம் இல்லை

எல்லாக் கருவிகளிலும் இப்படி என்றால் ரூட்டருக்கும் சேவை நிறுவனத்துக்கும் இடையிலான சிக்கல், வைஃபை அமைப்பில் எதையும் தொடாதீர்கள். ஒன்றில் மட்டும் என்றால் அதன் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். வெகுநாள் அணைந்து கிடந்த கருவி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். இணையதளங்கள் தாம் உண்மையானவை என்று காட்டும் சான்றிதழ்கள் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. அது சரியாக இருந்தால், ரூட்டரில் பெற்றோர் கட்டுப்பாட்டில் அந்தக் கருவிக்கு நேர வரம்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டவர் மறந்திருப்பார்.

இரண்டும் இணைந்தே இருக்கின்றன, ஆனால் ஒன்றையொன்று காணவில்லை

கைப்பேசியிலிருந்து பிரிண்டரைத் தேடினால் கிடைக்கவில்லை, தொலைக்காட்சிக்குப் படத்தை அனுப்ப முடியவில்லை. இரண்டிலும் இணையம் ஓடுகிறது. ஒன்று விருந்தினர் வலையமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். விருந்தினர் வலையமைப்பின் வேலையே கருவிகளை ஒன்றையொன்று காணவிடாமல் வைப்பதுதான். முதன்மை வலையமைப்பிலும் "ஏபி ஐசொலேஷன்" என்ற அமைப்பு போடப்பட்டிருந்தால் இதே விளைவு. இரண்டு கருவிகளின் ஐபி முகவரிகளையும் ஒப்பிடுங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரூட்டரின் பின்னால் இருக்கிறது. சேவை நிறுவனத்தின் இணைப்பு நேராக வந்து சேரும் வெளிப்பக்க ரூட்டரின் வைஃபையை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றிலேயே சேருங்கள்.

டபிள்யூபிஎஸ் பொத்தானுக்குப் பதில் இல்லை

கடவுச்சொல்லைத் தட்டாமல், பொத்தானை அழுத்தியே கருவியைச் சேர்க்கும் வசதிதான் டபிள்யூபிஎஸ். ரூட்டரில் அழுத்தியபின் 2 நிமிடத்துக்குள் கருவியிலும் அழுத்த வேண்டும். ஐஃபோனில் இது என்றுமே இருந்ததில்லை, ஆண்ட்ராய்டு 9 முதல் கைவிடப்பட்டுவிட்டது. டபிள்யூபிஏ3ஐத் தேர்ந்தெடுத்தாலோ பெயரை மறைத்தாலோ பல ரூட்டர்கள் இதைத் தாமே அணைத்துவிடும். பிரிண்டருக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள். ஆனால் இதன் எட்டு இலக்க ரகசிய எண் (PIN) முறையை அணைத்து வையுங்கள். ரூட்டர் அந்த எண்ணை இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011லேயே வெளிவந்துவிட்டது.

பட்டியலில் யாரோ இருக்கிறார்கள்

இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் பெயர் தெரியாத ஒன்று. உடனே பக்கத்து வீட்டாரைச் சந்தேகிக்காதீர்கள். மேக் முகவரியின் முதல் ஆறு இலக்கங்கள் பல நேரம் வைஃபை சில்லைத் தயாரித்தவரைத்தான் குறிக்கும், கருவியின் மேல் அச்சிட்ட பெயரை அல்ல. "எஸ்பிரெசிஃப்" என்று ஒன்று தெரிந்தால் அது பெரும்பாலும் உங்கள் பல்போ பிளக்கோதான். புனைமுகவரிக்குத் தயாரிப்பாளர் பெயரே வராது. வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலில் எது மறைகிறது என்று பாருங்கள். எனக்கு மிஞ்சிய கடைசி மர்ம ஆசாமி, எடை பார்க்கும் இயந்திரமாக இருந்தது.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஒன்று மிஞ்சினால், அந்த முகவரியைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது புனைமுகவரியை மாற்றிக்கொண்டு திரும்பி வரும். கடவுச்சொல்லை மாற்றுங்கள், நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

கடைசியாக, அந்தத் துளை

மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை, அல்லது நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லே தொலைந்துவிட்டது. ரீசெட் செய்துதான் ஆக வேண்டும். உள்ளே போக முடிந்தால் முதலில் அமைப்புகளைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், சேவை நிறுவனத்தை அழைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இணைப்புக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவையா? தேவை என்றால் அவற்றை எழுதி வாங்கும்வரை குண்டூசியை எடுக்க வேண்டாம். அவையும் ரீசெட்டில் அழிந்துவிடும், பிறகு அவர்கள் ஆள் வரும்வரை வீட்டில் இணையமே இருக்காது.

ரூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை ஏறத்தாழ 10 வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள், விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும். மீண்டும் அமைக்கும்போது பழைய வைஃபை பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள், பாதுகாப்பு முறையும் முன்பிருந்ததாகவே இருக்கட்டும். சாவி இந்தப் பெயரிலிருந்தும் கடவுச்சொல்லிலிருந்தும்தான் பிறக்கிறது என்பதால், பெரும்பாலான கருவிகள் எதுவுமே நடக்காததுபோல் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். புதிய ரூட்டர் வாங்கி மாற்றும்போதும் இப்படியே செய்யலாம். பெயரில் ஒரு பெரிய எழுத்தைச் சிறிதாக்கினாலும், வீட்டிலுள்ள பல்புகள் அத்தனையையும் மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.